மாமாவின் கருவாட்டுக்கு எழுதப்போவது யார்?

சனி, இரவு

சகலருக்கும் அறியத் தருவது: இன்று எங்கள் பூனை காயப்போட்ட கருவாட்டின் மேல் நடந்தும் எதையும் தின்னவில்லை.

நாட்டு நிலைமை இப்படியிருக்க, மாமா தன் கருவாட்டுக் கடையின் இணையப் பக்கத்துக்கு எழுத ஆள் தேடினார். ஒருபக்கம் கொழும்பு விளம்பர நிறுவனத்து அக்கா, மறுபக்கம் நான்.

அக்கா அனுப்பிய மாதிரியை மாமா உரக்க வாசித்தார்: “ஞாயிறு அதிகாலை வங்காலைக் கடலில் பிடித்த மீன்.”

“ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டிட்டு இங்க ஆர் மாமா கடலுக்குப் போறது? பங்குச் சுவாமி வாசிச்சா முதல்ல உங்களைத்தான் காயப்போடுவார்.”

மாமா சிரிக்கவில்லை. “அந்தப் பிள்ளை எத்தினை கடைக்கு எழுதினவ. நீ என்னடா எழுதினனி?”

“பள்ளிக்கூடத்தில மன்னிப்புக் கடிதம் எழுத என்னை வெல்ல ஆளில்லை. ஊர் தெரியாதவையிட்டை வேலையைக் குடுக்காதேங்கோ!”

“சரி, நீயே எழுது. திங்கள் காட்டு.”

வென்றேன்! கொழும்பாவது கிழும்பாவது! கடலைப் பார்க்காமல் கருவாட்டை எழுதுவார்களாம்!

பின்னேரத்திலிருந்து எழுதுகிறேன். “எங்கள் கருவாடு நல்ல கருவாடு” வரை வந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

சற்றுமுன், அக்காவின் மாதிரியின் அடியில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: “அக்கா, நீங்களே எழுதுங்கோ. ஞாயிறை மட்டும் நான் திருத்திறன். மாமாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”