பசியோடு போகிறவர்கள் பின்னால்

பிப்ரவரி 8, சனி

தீவுப் பயணத்துக்கு இவர் வரவில்லை. தொழிற்சாலையில் பாய்லர் பழுதாம், விடுப்பு ரத்து. பயண ஏஜெண்டு பணத்தைத் திருப்பித் தரமாட்டார், வேண்டுமானால் பெயரை மாற்றித் தருவாராம். "அம்மாவைக் கூட்டிட்டுப் போயேன்" என்கிறார் இவர், ஏதோ குடையை எடுத்துக்கொண்டு போ என்பதுபோல.

கல்யாணமாகி ஆறு வருஷம். அத்தையும் நானும் சேர்ந்து ஒரு சினிமாவுக்குக்கூடப் போனதில்லை. அத்தையின் சமையலறையில் எனக்குத் தண்ணீர் குடிக்க மட்டும்தான் உரிமை. தாளிக்கக் கரண்டியை எடுத்தால் போதும், "நீ போம்மா, வேலைக்கு நேரமாச்சு" என்று கையிலிருந்து வாங்கிவிடுவார். அதனால்தான் இவரை நச்சரித்துத் தனி வீடு பார்க்க வைத்தேன். தையற்கடைக்கு மேல் மாடி வீடு. முன்பணமும் கொடுத்தாயிற்று. அம்மாவிடம் சொல்வதுதான் பாக்கி. தீவுக்குப் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்றிருந்தார். இப்போது அவருடைய அம்மாவோடேயே தீவுக்குப் போகிறேன். என் ஜாதகம் அப்படி.

பிப்ரவரி 10, திங்கள்

கப்பல் முழுக்க வாந்தி. எனக்குத்தான். அத்தை கடலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

அறை நன்றாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தென்னை, அதற்கப்பால் கண்ணைக் கூசவைக்கும் நீலம். ஆனால் சாப்பாடு பயணக் கட்டணத்தில் சேர்த்தி இல்லையாம். கீழே விடுதி உணவகத்தில் அட்டையைப் பிரித்துப் பார்த்த அத்தை, விலைப் பக்கத்தை விரலால் தடவிவிட்டு மூடினார்.

"சாப்பாட்டுக்கா இது? நான் ஏதோ வளையல் விலைன்னு நினைச்சேன்."

பரிமாறுகிறவர் பக்கத்திலேயே நிற்கிறார். எனக்கு மானம் போனது. அத்தை அவரைப் பார்த்து அழகாகச் சிரித்து, வயிற்றைத் தட்டி, பசி இல்லை என்று கை விரித்துவிட்டு எழுந்துவிட்டார்.

பசி இல்லையா? எனக்குக் காது அடைத்தது. ரொட்டிப் பொட்டலம் வாங்கலாம் என்றேன். அத்தை விடுதியின் பின்வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் எங்கள் அறையைப் பெருக்கிய பெண் வேலை முடிந்து, தலைத்துணியை அவிழ்த்தபடி வெளியே வந்தாள். கூடவே தோட்டக்காரர், துணி துவைக்கிறவர்கள். அத்தை செருப்பை மாட்டினார்.

"வா."

"எங்க அத்தை?"

"வேலை முடிச்சுட்டுப் பசியோட போறாங்க பாரு. நம்மள மாதிரி கடலைப் பார்க்கவா போவாங்க?"

படகுத்துறைக்குப் பின்னால், மீன் பெட்டிகள் அடுக்கிய சந்து. தகரக் கூரை, நீள பெஞ்சு, பெரிய பெரிய பாத்திரங்கள். ஆண்பிள்ளைச் சட்டை போட்ட ஒரு பருத்த பெண்தான் முதலாளி, சமையல்காரி எல்லாம். தட்டு தயாரானால் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிக்கிறாள். பாஷை ஒரு எழுத்துகூட எங்களுக்குத் தெரியாது. அத்தை பக்கத்துத் தட்டைக் காட்டினார், பிறகு எங்கள் இருவரையும் காட்டினார். முடிந்தது வியாபாரம். சோறு, புளித்த குழம்பு, எண்ணெயில் இன்னும் பொரிந்துகொண்டிருப்பது போலவே தட்டுக்கு வந்த மீன். வீட்டில் அடுத்தவர் தம்ளரில் தண்ணீர் குடிக்காத அத்தை, பெஞ்சில் படகுக்காரர்களுக்கு நடுவே இடித்துப் பிடித்து உட்கார்ந்து, கையை நக்கினார்.

நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

பிப்ரவரி 12, புதன்

காலை, மதியம் இரண்டு வேளையும் அங்கேதான்.

மதியம் ஒன்று நடந்தது. அத்தை எனக்கு முன்பே சாப்பிட்டு முடித்தார். உடனே எழுந்து என் தட்டுக்காகக் காத்து நின்றார். எதிரே இருந்தவர்களின் காலித் தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு கழுவும் தொட்டிப் பக்கம் போய்விட்டார். பழக்கம். விசில்காரி அடுப்பை விட்டு ஓடி வந்தாள். தட்டுகளைப் பிடுங்கினாள். சண்டையோ என்று நான் எழுந்துவிட்டேன். அவள் அத்தையின் இரண்டு தோளையும் பிடித்து அழைத்து வந்து பெஞ்சில் உட்காரவைத்தாள். புதுத் தட்டில் இன்னொரு மீன், கொஞ்சம் சோறு. போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள். சாப்பிடு என்று அர்த்தம்.

அத்தை சாப்பிட்டார். மெதுவாக. தலை நிமிரவே இல்லை.

திரும்பி வரும்போது மணலில் நின்று சொன்னார்: "சூடா, எனக்குன்னு ஒருத்தர் போட்டு, நான் உக்காந்து சாப்பிட்டது எப்பன்னு நினைச்சு நினைச்சுப் பார்க்கறேன். உன் நாத்தனார் பொறந்தப்போ ஆஸ்பத்திரியில. அதுக்கப்புறம் ஞாபகம் வரல."

கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தை விடுவித்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

அத்தையைப் பார்த்துக்கொண்டிருப்பதே பொழுதுபோக்காகிவிட்டது. சந்தையில் பழம் விற்கிறவளிடம் கண்ணை மூடிக் காட்டுகிறார், தூக்கமா என்று கேட்கிறாராம். அவள் தலையாட்டி, ஒரு பழத்தை அறுத்துக் கையில் வைக்கிறாள். வலை தைக்கிற கிழவர் கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினால் "ஒரு வாய்தானே" என்று தமிழிலேயே சொல்லி வாங்கிக் குடிக்கிறார். யாரிடமும் கூச்சம் இல்லை. அறுபத்து மூன்று வயதில் அத்தைக்குள் இப்படி ஒரு ஆள் இருந்தது யாருக்குத் தெரியும்? நான் கடையில் ஒரு மோர் வாங்கவே பத்துத் தடவை யோசிப்பேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

இவர் போன் செய்தார். "நல்லா பழகிட்டீங்க இல்ல? வீட்டு விஷயத்த நீயே பக்குவமா சொல்லிடு."

கோழை.

ஆனால் சொன்னேன். அத்தையிடம் மறைத்துக்கொண்டு அந்தப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார என்னால் முடியவில்லை. சாப்பிட்டு முடித்து, தண்ணீர் குடித்து, சொல்லிவிட்டேன். முன்பணம் கொடுத்ததையும் சேர்த்து.

அத்தை மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தார். "எத்தனை ரூம்?"

"ஒண்ணுதான். சின்ன சமையலறை."

"பஸ் வசதி?"

"வாசல்லயே நிக்கும்."

"நீங்க ஏன் போறீங்க? நான் போறேன்" என்றார்.

"அய்யோ அத்தை, கோவப்படாதீங்க, நான் அப்படி நினைக்கவே இல்ல..."

"கோவம் இல்லடி." முதல் தடவையாக 'டி' போட்டுப் பேசுகிறார். "அடுப்ப விட்டா எனக்கு அந்த வீட்ல என்ன இருக்குன்னு பயந்து உன்ன உள்ள விடாம இருந்துட்டேன். நாலு நாளா அடுப்பே இல்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்."

நான் அழுதேன். விசில்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒரு மீன் போட்டாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வீடு. இவர் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறார். "ஊரு என்ன சொல்லும்? பெத்த அம்மாவ வெளியே அனுப்பிட்டான்னு சொல்லாதா?"

அத்தை: "ஊரா வந்து எனக்குச் சோறு போடப்போகுது?"

மார்ச் 2

அத்தை தையற்கடை மாடிக்குக் குடிபோனார். எங்கள் சமையலறை இப்போது எனக்கு. எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உப்பைத் தேடி அரைமணி நேரம். வீடு வெறிச்சென்று இருக்கிறது. இதற்காகத்தானே இத்தனை ஆட்டம் ஆடினேன்?

மார்ச் 19

இவர் தினமும் ஒரு டிபன் கேரியர் கொண்டுபோகிறார். தினமும் பாதி அப்படியே திரும்பி வருகிறது. "சாப்பிட்டாச்சு" என்கிறாராம் அம்மா. எங்கே என்று கேட்டால் சிரிக்கிறாராம். உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாரோ என்று இவருக்குக் கவலை. எனக்கு இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

மதியம் இருவரும் போனோம். அத்தை சேலை மாற்றி, பையோடு தயாராக இருந்தார். "சமைக்கல. வாங்க போலாம்." பஸ் டிப்போவுக்கு எதிரே டிரைவர்களும் கண்டக்டர்களும் சாப்பிடும் கடை. கல்லாவில் இருப்பவர் அத்தையைப் பார்த்ததும் ஓரத்து மேஜையைத் துடைக்கச் சொன்னார். நாங்கள் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. "என் பையன், மருமக" என்று அத்தை அறிமுகப்படுத்தினார். இவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

இலை வந்தது. அத்தைக்குத்தான் முதலில் பரிமாறினார்கள். இவர் எழுந்து போய் அத்தைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டார். பொரியல் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். ரசம் வரும்வரை பக்கத்து மேஜைக் கண்டக்டரிடம் அவர் பெண்ணின் பரீட்சையைப் பற்றி விசாரித்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை எங்கள் இலையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.