கீலில்லாத இறக்கை

வெள்ளவத்தை
3.2.2008

அன்புள்ள லுத்பியா,

ஆய்வில் மூழ்கியிருப்பவளுக்குக் காகிதத்திலும் எழுதித் தொல்லை தருகிறேன், மன்னித்துக்கொள். கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம். நெட் கபேயில் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கும்போது மனதில் இருப்பதை எழுத வருவதில்லை.

ஒன்பதாவது சுற்று முடிந்தது. நீ நெதர்லாந்தில் காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட்டு அனுப்புகிறாய். அந்த அழுத்தத்தில் விமான இறக்கை எவ்வளவு வளையும் என்று நான் இங்கே பார்க்கிறேன். வளைந்த இறக்கையின்மேல் காற்று வேறு விதமாக ஓடுகிறது. நீ மறுபடி தொடங்குகிறாய். கீல் இல்லை, தனித்தனித் துண்டுகள் இல்லை, முழுத் தோலும் ஒன்றாக வளைகிறது. நேற்று அதன் பின்விளிம்பு திரையில் மெல்ல இறங்கியது. நான் எழுதிய கணக்குத்தான், இருந்தும் கைகூப்பத் தோன்றியது.

களுபோவில ஆஸ்பத்திரியில் கண் காட்ட அப்பா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். மருந்து விட்ட கண்ணோடு திரையின் முன் உட்கார்ந்தார்.

"ஏம்மா, காத்து றெக்கைய மாத்துது, றெக்கை காத்த மாத்துது. எங்கதான் போயி முடியும்?"

"தெரியலப்பா."

"தெரியாமத்தான் காம்பரா செவுரு பூரா கடதாசி ஒட்டி வச்சிருக்கியா?"

உண்மையில் முடியுமா, லுத்பி?

அன்புடன்,
றஞ்சிதம்

*

நெதர்லாந்து
24.2.2008

அன்பின் றஞ்சி,

மன்னிப்பாம்! பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் என் லேப் ரிப்போர்ட்டுகளைத் திருத்தித் தந்தவள் நீ. அந்தச் சொல் இன்னொரு முறை வந்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

முடிந்துவிட்டதடி. பதின்மூன்றாவது வடிவத்தின்மேல் பதினான்காவதை வைத்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை. காற்றும் இறக்கையும் இணங்கிவிட்டன. என் பேராசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

நிறப் படங்கள் தபாலில் வருகின்றன. கொம்பனித்தெருவில் எங்கள் வீட்டுக்குப் போனால் உம்மாவிடம் ஒன்றைக் காட்டு. "இதுக்கா கல்யாணத்தத் தள்ளிப் போட்டா?" என்று கேட்பார்.

உன்,
லுத்பி

*

வெள்ளவத்தை
6.4.2008

அன்புள்ள லுத்பி,

படங்கள் வந்தன. ஒரு ஞாயிறு முழுவதும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கார கனகேஸ்வரி அக்காவுக்குப் பயம். "பிள்ளை, போன வருசம் புலியளின்ர பிளேன் வந்து குண்டு போட்ட ஊர் இது. உதில விமானம் எண்டெல்லோ எழுதிக் கிடக்கு. வெட்டி எறியும்" என்றார். எல்லாத் தலைப்புகளையும் கத்தரித்தேன். உன் பல்கலைக்கழகத்தின் பெயரும் அவற்றோடு போயிற்று.

வியாழன் காலை பொலிஸார் வீடு வீடாகச் செக்கிங் வந்தார்கள். தலைப்பில்லாத பதினான்கு படங்கள். "நங்கி, ஒளிக்க ஒன்றும் இல்லையென்றால் ஏன் வெட்டினீங்க?" என்று தங்கச்சி முறை சொல்லிச் சிங்களத்தில் கேட்டார் அதிகாரி. வெட்டிய துண்டுகளைக் குப்பையில் தேடிக் காட்டப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

என்னையும் கணினியையும் பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒவ்வொரு சுற்றாக ஓட்டிக் காட்டினேன். பதினான்காவதில் இறக்கை அசையாமல் நின்றதும், வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டார்.

"இது எங்கே பறக்குது?"

"இன்னும் எங்கேயும் இல்லை, சேர். கணக்கில் மட்டும்."

மாலையில் நம் விரிவுரையாளர் வந்து கையெழுத்துப் போட்ட பிறகு விட்டார்கள். கணினியைத் தந்தார்கள். படங்கள் திரும்பவில்லை. நான் நலம், வருந்தாதே.

றஞ்சிதம்

*

நெதர்லாந்து
27.4.2008

என் றஞ்சி,

வருந்தாதே என்று எழுதினால் போதுமா? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இறக்கை பற்றிய நம் ஆய்வுக் கட்டுரை தயார். உன் பெயரை எடுத்துவிட்டேன். விமானம் என்று வரும் கட்டுரையில், வெள்ளவத்தை முகவரியோடு ஒரு தமிழ்ப் பெயர் இப்போது வேண்டாம். "கொழும்புத் தோழிக்கு நன்றி" என்று அடியில் ஒரு வரி இருக்கிறது. நாட்டில் சண்டை ஓய்ந்ததும் சேர்ந்து இன்னொன்று எழுதுவோம். கோபித்துக்கொள்ளாதே.

லுத்பி

*

வெள்ளவத்தை
11.5.2008

அன்புள்ள லுத்பி,

கோபம் இல்லை. நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று உம்மாவிடம் சொல்லிவிட்டேன், இனி அவர் பார்த்துக்கொள்வார். படத்தைக் காட்ட முடியாததால் கையை வளைத்துக் காட்டினேன். நீ சொன்ன அதே கல்யாணக் கேள்வியைத்தான் கேட்டார்.

இன்று காலை தண்டவாளத்தருகே நின்றேன். கடற்காற்றில் ஒரு பருந்து அந்தரத்தில் நின்றது. சிறகடிக்கவில்லை. ஓரங்களை மட்டும் இடைவிடாமல் மாற்றிக்கொண்டிருந்தது. காற்று மாறும் முன்பே சிறகு மாறியதுபோல் இருந்தது. நாம் மூன்று மாதத்தில் கண்டதை அது ஒவ்வொரு மூச்சிலும் காண்கிறது. ரயில் வந்ததே தெரியவில்லை. "ஏய் பிள்ளை, சாகப் போறியா?" என்று யாரோ கத்தினார்கள்.

நீ செய்தது என் நன்மைக்காகத்தான். ஆனால் அன்று என்னைப் பிடித்துக் கொடுத்தது படமல்ல, நான் பயந்து வெட்டியதுதான். அப்பாவின் பெயரைத் தோட்டத்துக் கூலிப் பதிவேடான செக்ரோலில் தவிர யாரும் எங்கும் எழுதியதில்லை. அடுத்த செக்கிங்கில் என்ன கேட்பார்களோ, அதற்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். என் பெயரைத் திரும்பப் போடு. முதலெழுத்தாகச் சுருக்காதே: அழகுமுத்து றஞ்சிதம், வெள்ளவத்தை, கொழும்பு.

றஞ்சிதம்