ராணி அக்காவை எழுதிய பிறகு

கடலோரச் சிற்றூர்ப் பெண்களைக் கதையாக்கிய அமெரிக்க அம்மாவுக்கு,

நீங்கள் இறந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். உங்கள் பெயரை உச்சரிக்கப் பயந்தே வகுப்பில் கை தூக்காமல் இருந்தவள். ஆனால் உங்கள் கதைகளை விடவில்லை. மீன் காயப்போடும் பெண்கள், அவர்கள் பேசுகிற பேச்சு அப்படியே. இப்படியும் எழுதலாமா என்று இருந்தது.

இப்போது பர் துபாயில் ஓர் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலை. தங்கும் அறையில் ஆறு பேர். எனக்குக் கீழ்க்கட்டில் ராணி அக்கா. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிறார். வீட்டில் 'ஆபீஸ் வேலை' என்று மட்டும் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மகளோடு வீடியோவில் பேசும்போது என் அடையாள அட்டையை வாங்கி, படம் தெரியாமல் திருப்பிக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்.

"இப்ப நான் மேனேஜரு. நீ போய் டீ போடு புள்ள," என்பார்.

அதை எழுதினேன். பெயரையும் ஊரையும் மாற்றினேன். அட்டையையும் அந்தப் பேச்சையும் மாற்ற மனம் வரவில்லை, கதையே அதுதானே. இணைய இதழில் வந்தது. யாரோ பகிர, அக்காவின் மகளும் படித்துவிட்டாள். திரையில் அவள் பார்த்த அட்டைதான், அம்மா என்று கண்டுகொண்டாள். அதன்பின் இரண்டு ஞாயிறாக அழைப்பை எடுக்கவில்லை.

உங்கள் ஊரிலும் ஒருத்தி தன்னைக் கதையில் கண்டு, உங்களோடு பேச்சை நிறுத்தினாளாம். பாடப்புத்தகத்தில் ஒரே வரி. பிறகு அவள் வாசலைக் கடந்து எப்படி அம்மா போனீர்கள்?

ராணி அக்கா சண்டை போடவில்லை. டூட்டி முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து சொன்னார்: "நீ பொய் எழுதல. ஆனா அத என் மவகிட்ட நாந்தான் சொல்லியிருக்கணும்."

கதையை நீக்கச் சொல்லி இதழுக்கு எழுதிவிட்டேன். நீக்கினால், படித்தது போய்விடுமா? வேலைக்குப் போகிறேன், வருகிறேன், படுக்கிறேன். பேனாவைப் பார்த்தாலே அலுப்பாக இருக்கிறது.

நேற்று மகளிடமிருந்து குரல்செய்தி. ஞாயிறு அழைப்பை எடுக்கிறாளாம், அம்மா உண்மையைச் சொல்ல வேண்டுமாம். அக்கா அதை இரண்டுமுறை கேட்டார். "நீயும் பக்கத்துல இரு புள்ள. எனக்குப் பேச்சு வராது," என்றார்.

இருப்பேன். அவர் என்ன சொன்னாலும், அது எவ்வளவு நல்ல கதையானாலும், ஒரு சொல்லைக்கூடக் குறித்துக்கொள்ள மாட்டேன் அம்மா.

உங்கள் வழியில் வந்த மகள்,
கவிதா