பெரட்டு முடிந்துவிட்டது

அன்பான அம்மாவுக்கு, கட்டுநாயக்கவிலிருந்து மகள் சுபாஷினி. நான் சுகம். மஸ்கெலியாவில் மழை விட்டதா? அட்டை கடித்த காலில் புண் ஆறியதா?

ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். ஆறு வருஷம் ஓடி ஓடித் தைத்து, போன மாதம் சூப்பர்வைசர் ஆனேன் அல்லவா? திங்கட்கிழமை அதை விட்டுவிட்டேன். திரும்பவும் மிஷினில்தான் இருக்கிறேன்.

அன்று காலை ஐவி என்கிற புதுப்பிள்ளை பத்து நிமிஷம் பிந்தி ஓடி வந்தாள். நான் கையை நீட்டி மறித்து, "பெரட்டு முடிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போ" என்றேன். கார்மென்டில் ஏதம்மா பெரட்டு? இங்கே யார் தோட்டத்தைப் போலக் காலையில் பேர் கூப்பிட்டு, மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்புகிறார்கள்? மற்றவர்கள் சிரித்தார்கள். ஐவி சிரிக்கவில்லை. அவளும் தோட்டத்துப் பிள்ளை, வட்டகொடை.

"எங்கம்மாவையும் பெரட்டுல பேர் கூப்பிடுற கண்டாக்கையா இப்படித்தான் திருப்பி அனுப்புவாருங்க அக்கா" என்றாள்.

அவளை உள்ளே விட்டேன். என்னைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு நீங்கள் பெரட்டுக்குப் பிந்திப் போன நாள்களில் கேட்ட அதே பேச்சு, அதே கை. பெரிய ஆளாவது இதற்குத்தான் என்றால் எனக்கு வேண்டாம்.

நான் சூப்பர்வைசர் ஆனதை லயத்து வீடுகளில் எல்லோரிடமும் சொல்லியிருப்பீர்கள். கேட்டால், நானாக விட்டேன் என்று சொல்லுங்கள். செய்தது சரிதான். ஆனாலும் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை; தைத்ததையே பிரித்துத் தைக்கிறேன்.

தேயிலைத்தூள் அனுப்பும்போது இரண்டு பொட்டலமாகக் கட்டுங்கள். ஒன்று ஐவிக்கு.

பெல் அடிக்கிறது. உங்களுக்கு வேலை தராமல் திருப்பி அனுப்பிய நாள்களில், நேரத்தோடேயே என்னைக் கூட்டிப்போகப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்துவிடுவீர்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும், அம்மா.

சுபா