மூன்று வரிசைப் புல்

லூயிஷாம், லண்டன்
14.07.1994

அன்புள்ள மகள் பியற்றிசுக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். ஒழுங்கில்லாமல் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்ற பயத்தில், சொல்லவேண்டியதை முதலிலேயே இலக்கமிடுகிறேன்.

1. உங்கள் திராட்சைத் தோட்டத்தில் மூன்று வரிசைப் புல் கருகியது எப்படி.
2. அதைக் கஸ்பர் செய்யவில்லை.
3. யார் செய்தது என்று கஸ்பருக்குத் தெரியாது.

செய்தது நான். நாற்பது வருடக் கொடிகளுக்கு நடுவே முழங்காலளவு புல் நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. புல்தான் மண்ணைக் காக்கிறது, உங்கள் நுரைக்கும் வைனின் ருசி அந்த மண்ணிலிருந்து வருகிறது என்று மாட்டின் விளக்கினார். தலையாட்டினேன். மருமகனோடு வாதாட எனக்குத் துணிவில்லை. முப்பத்திரண்டு வருடம் யாழ்ப்பாணத்தில் விவசாயப் போதனாசிரியராக இருந்து, புல் நின்ற தோட்டங்களுக்கெல்லாம் ‘பராமரிப்பு இல்லை’ என்று எழுதியவன் நான். சான்றிதழுக்காக வரும் பரிசோதகர்கள் என் மகளின் தோட்டத்துக்கும் அப்படி எழுதிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

இங்கே களைநாசினி வாங்கி, சட்டைகளுக்குள் சுற்றி ரயிலில் உங்களிடம் கொண்டுவந்தேன். சனிக்கிழமை நீங்கள் இருவரும் சந்தைக்குப் போனதும், அளவு பிசகாமல் கலந்து அடித்தேன்.

பத்தாம் நாள் பரிசோதகர்கள் கருகலைக் கண்டார்கள். மருந்தில்லாத தோட்டம் என்ற சான்றிதழ் மூன்று வருடத்துக்குப் போய்விட்டது. கஸ்பர்மேல் சந்தேகம் விழுந்தது அவனுடைய பகிடியால். “இஞ்சை புல்லுக்கு மாப்பிள்ளை மரியாதை, எங்களுக்குத்தான் ஏச்சு” என்பான். நீயும் சிரித்து அதை மாட்டினுக்கு இங்கிலிசில் சொல்வாய். அன்று “நான் அடிக்கேல்லை” என்று மட்டும் சொன்னான். உடனே வேலையிலிருந்து அனுப்பிவிட்டீர்கள். நான் குசினியில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

மன்னாரிலிருந்து தப்பி வந்த கமக்காரப் பிள்ளையென்று பங்குச் சாமியாரிடம் கேட்டு உங்களிடம் சேர்த்துவிட்டவனும் நானே. இப்போது வேலையில்லாமல் இங்கே லண்டனில், செவன் கிங்ஸில் யாரோ வீட்டுத் தரையில் படுக்கிறான். மாட்டினிடம் எல்லாவற்றையும் சொல். அவனைத் திரும்பக் கூப்பிடுங்கள். என்னைக் கூப்பிடவேண்டாம்.

எழுதியதைத் திரும்ப வாசித்தேன். மூன்றாம் இலக்கத்தில் எழுதியது பிழை, மகள். அந்தச் சனிக்கிழமை மருந்தடிக்கும் மெசினை என் முதுகிலிருந்து இறக்கிக் கழுவி வைத்தவன் கஸ்பர். “தண்ணிதானே, ஐயா?” என்று கேட்டான். ஓம் என்றேன். அந்த மருந்தின் மணம் தெரியாதவனா அவன்?

ஆண்டவர் அவனையும் உங்களையும் ஆசீர்வதிப்பாராக.

அப்பா,
ம. சவிரிமுத்து