நாற்பத்திரண்டு விமானங்களைப் பிரித்து அடுக்கினேன்

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அண்ணன் மூவரும் சுகம், அங்கே நீ சுகமா, இருமல் நின்றதா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை உள்ளது உள்ளபடி எழுது, ஏனென்றால் நானும் இந்தக் கடிதத்தில் உள்ளது உள்ளபடிதான் எழுதப் போகிறேன். போன வாரம் போனில் "எல்லாம் நல்லபடியா காப்பி ஆயிட்டிருக்கும்மா" என்று சொன்னேன் அல்லவா, அது பொய். உண்மையைப் போனில் சொன்னால் நீ பாதியில் கத்துவாய், நான் பாதியில் மழுப்புவேன், நம் இரண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அதனால்தான் நீ கேட்ட டிரைவும் இந்தக் கடிதமும் ஒரே பார்சலில் வருகின்றன. முதலில் இதைப் படி, பிறகு அதைச் செருகு. பயப்படாதே, மூன்று படங்களைத் தவிர உன்னுடையது எல்லாம் கிடைத்துவிட்டது.

அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, கண் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசைக்கு இன்னும் நடந்தேதான் போகிறாள், வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றால் முறைக்கிறாள். அண்ணனுக்கு லாரியில் வேறு தடம் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு நாளைக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்குகிறான், நான் சொன்னால் கேட்க மாட்டான், நீ ஒரு வார்த்தை சொல். மாடி வீட்டுக்காரர் திடீரென்று டிரம் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார், யார் என்ன பாவம் செய்தோமோ தெரியவில்லை. தெருவைத் தோண்டினவர்கள் இன்னும் மூடவில்லை, அவர்கள் அறுத்த நெட் கேபிள் அறுந்தபடியே இருபது நாளாகக் கிடக்கிறது. அது மட்டும் அறுந்திருக்காவிட்டால் நீ வழக்கம்போல அங்கிருந்தே உன் அறைக் கம்ப்யூட்டரைத் திறந்து உன் வேலையை நீயே பார்த்திருப்பாய், என் கைக்கு வந்திருக்காது. நானோ ஓய்வு பெற்றுப் பதினோரு மாதம் ஆகிறது, முப்பத்தோரு வருடம் பஸ் டெப்போவில் உதிரிபாக ஸ்டோரைப் பார்த்தவனுக்கு வீட்டில் அடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அம்மாவின் அலமாரியை ஒருமுறை அடுக்கிக் கொடுத்தேன், இரண்டு நாள் பேசவில்லை. அந்த நேரம் பார்த்து நீ இந்த வேலையைச் சொன்னாய்.

நீ சொன்னது சின்ன வேலைதான், நான் மறுக்கவில்லை. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் சின்ன டிரைவில் இருக்கிறது, அதற்காக நீ சேர்த்த விமானங்கள், விமான நிலையங்கள், மழை மேகம் எல்லாம் பழைய பெரிய டிரைவில் இருக்கின்றன, அந்தப் பழையது நிரம்பி வழிகிறது, டிக் டிக் என்று சத்தமும் போடுகிறது, அது மண்டையைப் போடுவதற்குள் 'என்னுடையது' என்ற ஃபோல்டரை மட்டும் அப்படியே முழுசாகப் புது டிரைவில் காப்பி செய்து அனுப்புங்கள், வேறு எதையும் தொடாதீர்கள் என்றாய். அந்த ஃபோல்டரில் இருப்பது மூன்று வருடமாக நீ சுவர் சுவராகக் கட்டின நம் ஊர் விமான நிலையம் என்பதும், பைலட்டுகளுக்குப் பயிற்சி சிமுலேட்டர் செய்யும் கம்பெனியில் பதினெட்டாம் தேதி அதைத்தான் காட்டப் போகிறாய் என்பதும், அது இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை என்பதும் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் டிரைவைத் திறந்து பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. நாற்பத்திரண்டு விமானம்! ஒவ்வொன்றையும் திறந்தால் உள்ளே சக்கரம், இருக்கைத் துணி, வேகமும் உயரமும் காட்டும் மானிகள், கதவு மூடும் சத்தம், ஒன்றில் கண்ணாடியைத் துடைக்கிற வைப்பரின் சத்தம்கூட இருந்தது, அதை மட்டும் ஏழு தடவை கேட்டேன். வைப்பர் ரப்பர் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும். இவ்வளவு சாமானும் விமானம் விமானமாகச் சிதறிக் கிடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஸ்டோரில் நாங்கள் எந்தக் காலத்திலும் பஸ் வாரியாக அடுக்கியதில்லை, பிரேக் கட்டை பிரேக் கட்டையோடு, கண்ணாடி கண்ணாடியோடு, அப்படி இருந்தால்தான் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்க முடியும். ஆகவே புது டிரைவில் சத்தத்துக்கு ஒரு ஃபோல்டர், படத்துக்கு ஒன்று, மானிக்கு ஒன்று என்று ரேக் போட்டு, பழையதிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துப் பிரித்து அங்கே மாற்றினேன், காப்பி இல்லை, ஒரேயடியாக மாற்றினேன், உன்னுடையதையும் சேர்த்து. நடுவில் கம்ப்யூட்டர், இதே பெயரில் ஏற்கனவே ஒன்று இருக்கிறதே, அதன் இடத்தில் இதை வைத்துவிடவா என்று கேட்டது. எங்கள் ஸ்டோரில் ஒரே எண் என்றால் ஒரே உதிரிதான், நீ ஞாபகமில்லாமல் இரண்டிரண்டாகச் சேர்த்திருக்கிறாய் என்று நினைத்து, எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று ஒரே அழுத்தாக அழுத்திவிட்டேன். நாற்பத்திரண்டு விமானத்திலும் எஞ்சின் சத்தத்துக்கு ஒரே பெயர்தான் வைத்திருப்பார்கள் என்று நான் கனவா கண்டேன்? ஏன் அப்படி வைக்கிறார்கள், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை, அதை விளக்கி எழுது.

மத்தியானம் நாலு மணிக்கு முடித்து நிமிர்ந்தபோது எனக்கு என்ன பெருமை என்கிறாய். சோதித்துப் பார்க்கலாமே என்று, வண்டிக்கு உதிரி கொடுப்பது போல ஒவ்வொரு ரேக்கிலிருந்தும் ஒன்று எடுத்து இரண்டு பேர் உட்காரும் ஒரு குட்டி விமானத்தைச் சேர்த்தேன். கிளப்பியதும் அது முந்நூறு பேர் ஏறும் விமானம் போல அலறியது, மாடியில் டிரம் நின்றேவிட்டது. சரி, இது ஏதோ கோளாறு என்று உன் விமான நிலையத்தையும் அதே மாதிரி சேர்த்துப் பார்த்தேன். சுவரில் யாருடைய சக்கரமோ ஒட்டியிருந்தது, கூரையில் இருக்கைத் துணி, கதவு இருக்கும் இடத்தில் மேகம். அப்போதுதான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. அவசர அவசரமாக எல்லாவற்றையும் திரும்பப் பழைய டிரைவுக்கே மாற்றப் போனேன், அந்த நேரம் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள், திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். பிறகுதான் "உங்கள யாரு அடுக்கச் சொன்னா?" என்று கேட்டாள். அவள் பிடுங்கினதுதான் நம்மைக் காப்பாற்றியது.

தையல் கடைக்குப் பக்கத்தில் போன், கம்ப்யூட்டர் எல்லாம் பழுது பார்க்கிற கடைக்காரம்மா இருக்கிறாளே, கொண்டையில் எந்நேரமும் திருப்புளி செருகியிருப்பாளே, அவளிடம் மூன்று டிரைவையும் துண்டில் சுற்றிக் கொண்டுபோனோம். என்ன நடந்தது என்று நான் சொல்லச் சொல்ல அவள் சிரிப்பை அடக்கின அழகு இருக்கிறதே, அதை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். கடைசியில், "அழிஞ்சது அழியல சார், நீங்க பெயர்ப்பலகையத்தான் கழட்டியிருக்கீங்க, வீடு அங்கயேதான் இருக்கு, பழைய டிரைவ் மேல புதுசா எதையும் எழுதலன்னா எடுத்துடலாம்" என்றாள். நாலு நாள் ஓடவிட்டு எடுத்தாள். வந்தது அறுபத்திரண்டாயிரம் ஃபைல், ஒன்றுக்கும் பெயரில்லை, வெறும் எண்கள். விமானங்களை உங்கள் பெண் மறுபடி நெட்டிலிருந்து இறக்கிக்கொள்வாள், அவள் கையால் செய்ததை மட்டும் தேடுங்கள் என்றாள். நல்லவேளையாக எந்தச் சுவரில் எந்தப் படம் என்று நீ எழுதி வைத்த பட்டியல் முழுசாகக் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கடையிலேயே ஸ்டூல் போட்டு ஒன்பது நாள் உட்கார்ந்தேன், ஆயிரத்து நூற்று நாற்பது படம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பொறுக்கப் பொறுக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. டிக்கெட் கவுண்டருக்கு இடது பக்கம் சுவரில் ஈரக் கறை இருக்கிறது என்று எப்போது பார்த்தாய்? சக்கரம் தேய்த்த கறுப்புக் கோடுகளுக்கு மட்டும் அறுபது படம் எதற்கு, யார் எண்ணப் போகிறார்கள்? கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடப் போட்டிருக்கிறாயே, பைலட் அங்கேயா இறங்கப் போகிறான்? இதற்கெல்லாம் நம்பர் போட்டுப் பதில் எழுது, சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. எல்லாம் சேர்ந்ததும் கடைக்காரம்மா முழு ஃபோல்டரையும் புது டிரைவில் வைத்து, சிமுலேட்டர் தேடும் இடத்தில் இன்னாருடைய சாமான் இன்ன டிரைவில் இருக்கிறது என்று ஒரு சீட்டு மாதிரி மட்டும் வைத்தாள், சிமுலேட்டரும் தன்னிடமே இருப்பதாக நம்பிக்கொண்டு ஓடியது. எங்கள் ஸ்டோரில் ரேக்கில் அடங்காத எஞ்சினைக் கொல்லையில் போட்டுவிட்டு ரேக்கில் அட்டை தொங்கவிடுவோம், அதேதான். இது முன்பே தெரிந்திருந்தால் நான் எதையும் பிரித்திருக்கவே மாட்டேன்.

கிடைக்காத மூன்று படங்களைப் பற்றி இப்போது எழுத வேண்டும். பழைய டிரைவில் கெட்டுப்போன இடத்தில் இருந்திருக்கின்றன, அவளாலும் முடியவில்லை. ஒன்று குப்பைத் தொட்டி, ஒன்று விளக்குக் கம்பம். மூன்றாவதற்குப் பட்டியலில் நீ எழுதியிருந்த வரி இது: வேலியோரம் இரண்டு பேர், அம்மா கையில் குடை, அப்பா ஸ்டோர் நீலச் சட்டை, பையில் பேனா, கையசைப்பது போல. அந்த வரியை நான் நாலைந்து தடவை படித்தேன். பிறகு கடைக்காரம்மா திரையில் என்னைக் குட்டி விமானத்தில் உட்காரவைத்து ஓடுபாதை முனைக்குக் கொண்டுபோய், பக்கவாட்டு ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கச் சொன்னாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அம்மா குடையோடு நிற்கிறாள், புடவைக் கரைகூடச் சரியாக இருக்கிறது, அவள் படம் தனியாக இருந்ததால் தப்பிவிட்டது. பக்கத்தில் தலை முதல் கால் வரை வெள்ளையாக ஓர் ஆள், முகமில்லை, சட்டையில்லை, கை மட்டும் தூக்கியிருக்கிறது. அதுதான் நான். நீ விமானம் ஏறிக் கிளம்பின அன்றைக்கு நான் அங்கே வரவே இல்லையே, மகளே. ஸ்டோரில் கணக்கெடுப்பு என்று சொன்னேன், கணக்கெடுப்பு மறுநாள்தான். நீ போவதில் எனக்குச் சம்மதமில்லை என்பது உனக்குத் தெரியும், வந்தால் எல்லார் முன்னாலும் போகாதே என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்து டயர் ரேக்குகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். பத்தரை மணிக்கு மேலே ஒரு விமானம் போனது, வெளியே வந்து பார்க்கக்கூட இல்லை. இதை நாலு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் இப்போது சொன்னேன், அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. நீ அங்கிருந்து வேலை செய்யும்போது இங்கே உன் அறையில் திரையில் மவுஸ் அம்பு தானாக நகருமாம், கதவோரம் நாற்காலி போட்டு அவள் பார்த்துக்கொண்டிருப்பாளாம், நீ என்னை அந்த வேலியில் நிற்கவைத்ததை ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்தாளாம். "ஒரு நாளாவது அந்த ரூமுக்குள்ள வந்தீங்களா நீங்க?" என்று கேட்டாள். நீ போனபின் அந்த அறைக்குள் நான் போனது இந்த டிரைவுக்காகத்தான், அதுவும் போய் இந்த அழகில் செய்திருக்கிறேன்.

மூன்று படத்துக்கும் பதில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். குப்பைத் தொட்டிக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நானே பஸ் ஏறி விமான நிலையம் போய் வந்தேன், தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்ததற்குக் காவலாளி என்னை அரை மணி நேரம் விசாரித்தார். நீலச் சட்டையில் இரண்டு தரை துடைக்கும் துணியாகிவிட்டன, மிச்சமிருந்த ஒன்றைப் போட்டுக்கொண்டு பின்கட்டில் நின்றேன், அம்மா முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் எடுத்தாள். கையைத் தூக்குங்கள் என்றாள், தூக்கினேன், ஏதோ பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி இருக்கிறது என்று மறுபடி எடுத்தாள். எல்லாம் டிரைவில் 'அப்பா' என்ற ஃபோல்டரில் தனியாக இருக்கிறது, உன்னுடையதில் கலக்கவில்லை. அந்த வெள்ளை ஆளுக்குச் சட்டை போடுவதும் விடுவதும் உன் விருப்பம். வராதவனை வந்தவனாகக் காட்டு என்று கேட்க எனக்கு வாயில்லை. பதினெட்டாம் தேதி நல்லபடியாக முடிந்ததும் எப்போது வருவாய், எத்தனை மணி விமானம் என்று எழுது. இப்போது எனக்குக் கணக்கெடுப்பும் கிடையாது, சாக்கும் கிடையாது. உன் அம்மாவுக்குக்கூட முன்னால் போய் நின்றுகொண்டிருப்பேன்.

நீ நினைத்த வேலை கிடைத்து, நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். பார்சல் வந்த அன்றே முழு ஃபோல்டரையும் இன்னொரு டிரைவில் ஒரு நகல் எடுத்து வை, மறக்காதே, எடுத்ததும் போன் செய், திட்டுவதானாலும் அப்போதே திட்டிவிடு.

இப்படிக்கு,
உன் விமானங்களைப் பிரித்துப் போட்ட,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அப்பா