ஒருசந்தியும் கொழுப்புப் பொடியும்

புரட்டாசி 8, புதன்

காலையிலிருந்து மூட்டம். எஸ்டேட்டில் களை எடுப்பு, பதினாறு ஆள் கணக்கு எழுதினேன்.

மனைவி சரோஜாவின் முழங்கைக்கு மேலே நீலமாக ஒரு திட்டு. எங்கே இடித்துக்கொண்டாய் என்றேன். "தெரியலைங்க." பட்டவளுக்கே தெரியாத அடி! எரிச்சல் வந்தது.

வாங்க வேண்டியது: சோப்பு, டார்ச் பேட்டரி, அவளுடைய கொழுப்புப் பொடி. (ரத்தக் கொழுப்புக்கான மாத்திரையில் கால் சதை பிடித்துக்கொண்டதால் டாக்டர் பொடிக்கு மாற்றி எட்டு மாதம்.)

10, வெள்ளி

மழை. தொடையிலும் இரண்டு திட்டு. பல் தேய்த்தால் ரத்தம் என்கிறாள்.

தோட்டத்தில் என்னைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். செடிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்: "ரைட்டரு மறுபடி ஆரம்பிச்சுட்டாரு போல. நொம்ப பாவம் அந்தக்கா."

ஆடி ஒன்றிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. யாரிடம் போய்ச் சொல்ல?

11, சனி

குப்பனூரிலிருந்து சரோஜாவின் தம்பி. காப்பியைத் தொடவில்லை.

"ஏனுங்க மாமா, எங்கக்கா கையில என்னங்க அது?"

"சத்தியமா நான் இல்லப்பா."

"முன்னயும் இதேதானுங்க சொன்னீங்க."

முன்பு நான்தான். குடித்துவிட்டு, இரண்டு தடவை. இப்போது கோபப்படக்கூட யோக்கியதை இல்லை.

"அவரு தொடலை சாமி," என்றாள் சரோஜா. அவன் நம்பவில்லை. இன்னொரு திட்டு பார்த்தால் அக்காவைக் கூட்டிப் போய்விடுவானாம்.

12, ஞாயிறு

சரோஜாவுக்கு மூக்கில் ரத்தம். அரை மணி நேரமாகியும் நிற்கவில்லை. இரண்டு துண்டு நனைந்தது. எஸ்டேட் ஜீப்பில் சேலம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் சாமி பெயர் சொன்னேன். 

பொடி எழுதித்தந்த அதே டாக்டரம்மா. என்னை வெளியே நிற்கச் சொன்னார். கதவு முழுக்கச் சாத்தவில்லை. "யாரும்மா அடிச்சது?" "யாரும் இல்லைங்க." அவரும் நம்பியதாகத் தெரியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உறையவே நேரமாகிறதாம்.

என்னை உள்ளே கூப்பிட்டார். மருந்தெல்லாம் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று கேள்வி. சரோஜாவே சொன்னாள்:

"ஆடியிலிருந்து ஒருசந்திங்க. மத்தியானம் ஒரு வேளைதான் சோறு. பொடியை ரெண்டு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னாடின்னீங்க. அதனால ரெண்டு பொட்டலத்தையும் ஒண்ணாக் கலக்கி, சத்து மாத்திரையும் அப்பவே முழுங்கிருவனுங்க."

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கொழுப்பைப் பிடித்து வெளியே தள்ளும் பொடி, அந்த ஒரே வேளைச் சோற்றிலும் மாத்திரையிலும் இருக்கும் கீரைச் சத்தையும் சேர்த்து இழுத்துப் போய்விடுமாம். ரத்தம் உறைய அந்தச் சத்து வேண்டும். சத்து மாத்திரையை நாலு மணி நேரம் தள்ளிப் போடச் சொன்னதே அதற்குத்தான். மருந்துச் சீட்டிலும் இருக்கிறது. ஆள் வருகை எழுதும் மஸ்டர் ரோலில் ஒரு பெயர் பிசகாமல் பார்க்கிறவன், இதைப் பார்க்கவில்லை.

ஊசி போட்டார்கள். இரண்டு நாள் படுக்கை.

14, செவ்வாய்

வெயில். மத்தியானம் வீடு வந்தோம். மூக்கு சரி. பொடி இனி டாக்டரம்மா சொன்ன பிறகுதான். மாத்திரை சாயங்காலம் ஐந்துக்கு.

ஒருசந்தியை விடச் சொன்னேன். மாட்டாளாம். மகள் கல்யாணத்துக்குத்தானே, வேறு வேண்டுதல் வைத்துக்கொள் என்றேன்.

"அவளுக்கில்லைங்க. நீங்க குடியைத் தொடக்கூடாதுன்னு. தை வரைக்கும் சேர்வராயன் சாமிக்கு நேர்ந்துக்கிட்டேன். நடுவுல முறிச்சா நீங்க மறுபடி..."

நான் குடியை விட்டதும் ஆடி ஒன்று, அவள் ஒருசந்தி ஆரம்பித்ததும் ஆடி ஒன்று. எனக்கு உறைக்கவே இல்லை. அழுதுவிட்டேன்.

மீதி ஒருசந்தி என்னுடையது, உனக்கு மூன்று வேளையும் சோறு என்றேன். 

மணி ஐந்து. மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிட்டே வரச் சொன்னாள். என் வாயை மோந்து பார்த்தாள். அப்புறம்தான் விழுங்கினாள்.